செயினை எப்போது மாற்றுவது? சைக்கிள் ஓட்டுபவர் முன் உள்ள மூன்று வழிகள்

ஐந்து ஆண்டுகள் ஓடிய என் எட்டு கியர் சைக்கிளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை புதுச் செயின் மாட்டினேன். மறுநாள் காலை வேளச்சேரி மேம்பாலத்து ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தபோது, செயின் ‘டக்’கென்று ஒரு பல் தாவியது, பெடல் வெறுமையில் கீழே போய், முழங்கால் ஹேண்டில்பாரில் மோதியது. பின்னால் மாநகரப் பேருந்து வந்துகொண்டிருந்ததால் இறங்கி, மீதி ஏற்றத்தைத் தள்ளிக்கொண்டே கடந்தேன். செயினில் எந்தக் குறையும் இல்லை. பழைய செயினோடு ஐந்து ஆண்டுகள் சேர்ந்து தேய்ந்திருந்த பின்சக்கரக் கேசட்டோடு (எட்டு கியருக்கு எட்டுப் பல்சக்கரங்கள் கொண்ட அடுக்கு) அது ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். அன்று மாலையே கேசட்டையும் வாங்க வேண்டியதாயிற்று. செயினை முன்பே மாற்றியிருந்தால் கேசட் பிழைத்திருக்கும். மாற்றாமலேயே விட்டிருந்தால் பழைய ஜோடி இன்னும் ஓராண்டு ஓடியிருக்கும். இரண்டுக்கும் நடுவில், மிக மோசமான நேரம் பார்த்து மாற்றியதுதான் நான் செய்த பிழை.

ஆகவே, கியர் சைக்கிள் வைத்திருப்பவர் செயின் விஷயத்தில் மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நிற்க வேண்டும் என்பது என் கருத்து. முதலாவது, தேய்மானத்தை அளந்து, குறிப்பிட்ட எல்லை வந்ததும் செயினை மட்டும் மாற்றி, கேசட்டைக் காப்பாற்றுவது. இரண்டாவது, தொடக்கத்திலேயே இரண்டு மூன்று செயின்களை வாங்கி, முறைவைத்து மாற்றி மாற்றி ஓட்டுவது. மூன்றாவது, எதையும் மாற்றாமல், செயினும் கேசட்டும் சேர்ந்து உயிரை விடும் வரை ஓட்டி, பிறகு எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றுவது. மூன்றாவதைச் சோம்பேறியின் வழி என்று சைக்கிள் பிரியர்கள் இளக்காரமாகச் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த இளக்காரம் எல்லா வண்டிக்கும் பொருந்தவில்லை.

கணக்குக்கு முன், செயின் எப்படித் தேய்கிறது என்பது தெரிந்தாக வேண்டும். ஹான்ஸ் ரெனால்ட் 1880-இல் உருளைச் செயினை உருவாக்கியதிலிருந்து அடிப்படை மாறவில்லை: முளைகள், அவற்றைக் கோக்கும் தகடுகள், பல்லில் உட்காரும் உருளைகள். சைக்கிள் செயினில் அடுத்தடுத்த இரு முளைகளுக்கு இடையிலான தூரம், அதாவது ஒரு கண்ணியின் நீளம், அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. ‘செயின் நீண்டுவிட்டது’ என்று நாம் சொல்வதால், இரும்புத் தகடு ரப்பர் போல இழுபட்டுவிட்டதாக நினைக்கத் தோன்றும். உண்மையில் தகடு நீள்வதில்லை. ஒவ்வொரு முளையும் அதைச் சுற்றியிருக்கும் உள்தகட்டின் விளிம்பும் உராய்ந்து, கண்ணுக்குத் தெரியாத அளவு தேய்ந்து, அங்கே சிறு இடைவெளி விழுகிறது. அப்படி நூற்றுச் சொச்சம் இடைவெளிகள் சேரும்போது செயினின் மொத்த நீளம் கூடிவிடுகிறது.

அரை சதவீதத் தேய்மானம் என்றால் ஒரு கண்ணிக்கு 0.06 மி.மீ. மட்டுமே, தலைமுடியின் தடிமன் அளவு. ஆனால் பல்லுக்கு அது தெரியும். புதுச் செயின் பல பற்களின் மேல் சுமையைப் பகிர்ந்து கொடுக்கும். நீண்ட செயினோ பல்லின் அடியில் உட்காராமல் சற்று மேலேறி உட்கார்ந்து, ஓரிரு பற்களின் மீதே முழுச் சுமையையும் ஏற்றும். அந்தப் பற்கள் தேய்ந்து தேய்ந்து, செயினின் புதிய அளவுக்கு ஏற்ப வளைந்துகொள்ளும். இப்படி இரண்டும் ஒன்றுக்கொன்று பழகிவிட்ட பிறகு வண்டி எந்தத் தொல்லையும் தராமல் ஓடும். தேய்ந்ததே நமக்குத் தெரியாது. 12.7 மி.மீ. அளவு மாறாத புதுச் செயினை அதன் மேல் போட்டால்தான் குட்டு வெளிப்படும். நாம் அதிகம் ஓட்டும் கியரின் பல்சக்கரத்தில்தான் முதலில் தாவும். என் வண்டியில் அது பின்னாலிருந்த 15 பல் சக்கரம். மற்ற ஏழும் ஒழுங்காகவே இருந்தன.

அளப்பதற்குச் சிறப்புக் கருவி தேவையில்லை. 60 செ.மீ. இரும்பு ஸ்கேல் ஒன்று போதும். பின் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பெடலை லேசாக அழுத்தினால் மேல்பக்கச் செயின் விறைப்பாக நிற்கும். ஒரு முளையின் விளிம்பில் ஸ்கேலின் பூஜ்ஜியத்தை வைத்து, 40 கண்ணிகள் எண்ணி, அங்குள்ள முளையின் அதே பக்க விளிம்பைப் பார்க்க வேண்டும். புதுச் செயினில் அது 508 மி.மீ. காட்டும். 510.5 வந்தால் அரை சதவீதம்; 511.8 வந்தால் முக்கால் சதவீதம். 513-ஐத் தாண்டினால் ஒரு சதவீதம். எண்ணும் கண்ணிகள் இரட்டைப்படையாக இருக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. எட்டு, ஒன்பது, பத்து கியர் வண்டிகளுக்கு முக்கால் சதவீதமும், பதினொன்று, பன்னிரண்டு கியர் வண்டிகளுக்கு அரை சதவீதமும் மாற்ற வேண்டிய எல்லை என்பது பொதுவாக ஏற்கப்பட்ட வழக்கம்.

கடைகளில் கிடைக்கும், செயினுக்குள் செருகிப் பார்க்கும் அளவுக் கருவிகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவற்றில் விலை குறைந்தவை இரு முனைகளிலும் உருளைகளை எதிரெதிர்த் திசையில் தள்ளி அளக்கின்றன. உருளையின் தளர்ச்சி செயினின் நீளத்தைக் கூட்டுவதில்லை. ஆனாலும் அந்தத் தளர்ச்சி அளவோடு சேர்ந்துகொள்வதால், உள்ளதைவிட அதிகத் தேய்மானம் காட்டும். ஷிமானோ நிறுவனத்தின் டிஎல்-சிஎன்42 போல மூன்று இடங்களில் தொடும் கருவிகள் உருளைகளை ஒரே பக்கம் தள்ளி இந்தப் பிழையைத் தவிர்க்கின்றன. ஸ்ராம் நிறுவனத்தின் தட்டை விளிம்புள்ள சாலை சைக்கிள் செயின்களில் உருளையே பெரிது என்பதால் சாதாரணக் கருவி அங்கே பொருந்தாது. செருகும் கருவியை நம்பி நல்ல செயினைக் குப்பையில் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஸ்கேலுக்கு இந்தக் குழப்பம் எதுவுமில்லை.

இனி கணக்கு. விலையும் தூரமும் ஆளுக்கு ஆள், ஊருக்கு ஊர் மாறும் என்பதால், கீழே வருபவை கணக்குக்காக வைத்துக்கொண்ட எண்களே. வாசகர் தம் வண்டியின் எண்களைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். எட்டு கியர் வண்டி ஒன்றில் செயின் 900 ரூபாய், கேசட் 1,500 ரூபாய் என்று கொள்வோம். முதல் வழியில் 3,000 கி.மீ.க்கு ஒரு செயின், மூன்று செயினுக்கு ஒரு கேசட் என்றால், 9,000 கி.மீ.க்கு 4,200 ரூபாய் ஆகும். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 467 ரூபாய். மூன்றாவது வழியில் ஒரே செயினும் ஒரே கேசட்டும் 7,000 கி.மீ. வரை தாக்குப்பிடித்தால் செலவு 2,400 ரூபாய்தான், ஆயிரத்துக்கு 343. ‘சோம்பேறி’ வென்றுவிட்டார்!

முன் பல்சக்கரத்தையும் சேர்த்தால் இடைவெளி சுருங்கும். விலை குறைந்த வண்டிகளில் முன் பல்சக்கரங்கள் கிராங்கோடு (பெடல் மாட்டிய கை) சேர்த்து ஆணியடித்தே வருவதால், பல் தேய்ந்தால் முழுக் கிராங்கையும் மாற்ற வேண்டும். அதை 2,500 ரூபாய் என்று கொண்டு, நீண்ட செயின் அதை 14,000 கி.மீ.யில் தின்றுவிடும், பார்த்துப் பார்த்து மாற்றிய செயின் 27,000 வரை விட்டுவைக்கும் என்று வைத்தால், மூன்றாவது வழிக்கு 522, முதல் வழிக்கு 560 என்று இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடுகின்றன. அந்த 38 ரூபாய்க்காக யாரும் சண்டை போட வேண்டியதில்லை.

பன்னிரண்டு கியர் வண்டிக்கு வந்தால் நிலைமை தலைகீழ். செயின் 3,000 ரூபாய், கேசட் 9,000 ரூபாய் என்று கொள்வோம். முதல் வழியில் 9,000 கி.மீ.க்கு 18,000 ரூபாய், ஆயிரத்துக்கு 2,000. மூன்றாவது வழியில் 7,000 கி.மீ. ஓடும் என்று இங்கே எதிர்பார்க்க முடியாது. பன்னிரண்டு சக்கரங்களை நெருக்கி அடுக்கியிருப்பதால் பற்கள் மெல்லியவை, செயின் குறுகியது, கியர் மாறுவதற்கான துல்லியம் கடுமையானது. தாவத் தொடங்குவதற்கு வெகுமுன்பே கியர் மாறத் தயங்கி, சத்தமிட்டு, ஓட்டுபவரைப் பொறுமையிழக்க வைத்துவிடும். 5,000 கி.மீ. என்று கொண்டால் ஆயிரத்துக்கு 2,400 ரூபாய் ஆகிறது. முன் பல்சக்கரத்தைச் சேர்க்காமலேயே முதல் வழி மலிவாகிவிட்டது.

இந்த இரு கணக்கிலும் முடிவைத் தீர்மானிப்பவை இரண்டு எண்கள்: கேசட் விலை செயின் விலையைப் போல எத்தனை மடங்கு என்பதும், தேய்ந்த ஜோடி எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதும். முதல் எண்ணைக் கடையில் கேட்டுக்கொள்ளலாம். இரண்டாவது எண்ணை வேறு யாரும் சொல்ல முடியாது. ஓட்டும் பாதை, ஏற்ற இறக்கம், மழை, மணல், எண்ணெய் போடும் பழக்கம் எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வாரந்தோறும் கோவளம் தாண்டி மாமல்லபுரம் வரை போய்வருபவரின் செயினில் கடற்கரை மணலும் உப்புக் காற்றும் படியும். அலுவலகத்துக்கு மட்டும் தார்ச்சாலையில் போய்வருபவரின் செயின் அதைவிட நெடுநாள் உழைக்கும். செயின் மாட்டிய தேதியையும் ஓடோமீட்டர் எண்ணையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிவைப்பவருக்கு இரண்டாண்டில் தம் எண் தெரிந்துவிடும்.

பணக்கணக்கில் வராத ஒன்றும் உண்டு. தேய்ந்த ஜோடியின் கடைசி ஆயிரம் கிலோமீட்டரில், ஏற்றத்தில் தாவுமோ என்ற அச்சம் எப்போதும் உடன் வரும். தனியாக, பகலில், ஊருக்குள் ஓட்டுபவருக்கு அது பெரிதல்ல. மிஞ்சினால் இறங்கித் தள்ளலாம். 200 கி.மீ. பிரவே (நேர வரம்புள்ள நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டம்) பயணத்தைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்கக் கிளம்பியவருக்கோ, பின்னால் குழந்தை இருக்கை வைத்து ஓட்டுபவருக்கோ மூன்றாவது வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

செயினை முறைவைத்து மாற்றும் இரண்டாவது வழிக்குத் தனி அழகு உண்டு. மூன்று செயின்களை வாங்கி, ஒவ்வொன்றையும் மாதம் ஒன்றோ 500 கி.மீ.யோ ஓட்டி, கழற்றி அடுத்ததை மாட்டினால், மூன்றும் கேசட்டும் ஒரே வேகத்தில் மூப்படையும். எந்தச் செயினும் தனக்கு அந்நியமான பல்லைச் சந்திப்பதில்லை. ஆகவே அரை சதவீத எல்லையிலேயே செயினைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. ஒரு சதவீதம் வரை கூட ஓட்டிவிடலாம். அதே மூன்று செயினும் ஒரு கேசட்டும் முதல் வழியைவிடக் கூடுதல் தூரம் தரும்.

விலை என்னவென்றால், வேலைதான். செயினை அடிக்கடி கழற்றி மாட்ட இணைப்புக் கண்ணி வேண்டும். எட்டு, ஒன்பது கியர்ச் செயின்களின் இணைப்புக் கண்ணியைப் பல முறை கழற்றி மாட்டலாம். பதினொன்று, பன்னிரண்டு கியர்ச் செயின்களின் இணைப்புக் கண்ணியை ஒருமுறைதான் பயன்படுத்த வேண்டும் என்று ஷிமானோவும் ஸ்ராமும் சொல்கின்றன. மீண்டும் பயன்படுத்தத் தக்கவற்றை வேறு சில நிறுவனங்கள் தனியாக விற்கின்றன. எந்தச் செயின் எத்தனை கி.மீ. ஓடியது என்ற குறிப்பும் வேண்டும். என் நண்பர் ஒருவர் மூன்று செயின்களையும் மூன்று பழைய ஊறுகாய் பாட்டில்களில் போட்டு, மூடியில் மார்க்கரால் எண் எழுதி வைத்திருந்தார். வீட்டில் யாரோ பாட்டில்களைக் கழுவி அடுக்கிவிட, செயின்கள் ஒரே பையில் கலந்து போயின. ஸ்கேலை எடுத்து அளந்து மறுபடி வரிசைப்படுத்தினார் என்பது வேறு விஷயம்.

செயினுக்கு எண்ணெய்க்குப் பதில் மெழுகு போடுபவர்களுக்கு இந்த இரண்டாவது வழி இயல்பாகவே பொருந்தும். புதுச் செயினில் தொழிற்சாலை தடவிய கிரீஸை மினரல் டர்பன்டைனில் ஊறவைத்து முழுவதும் நீக்கி, உலரவிட்டு, உருகிய பாரஃபின் மெழுகில் முக்கி, காற்றுக்குமிழிகள் வருவது நிற்கும் வரை வைத்திருந்து, எடுத்துத் தொங்கவிட வேண்டும். ஆறிய பிறகு செயின் குச்சி போல விறைத்திருக்கும். ஒவ்வொரு கண்ணியாக மடக்கிக் கொடுத்தால் இளகும். இப்படிச் செய்த செயினில் தூசி ஒட்டாது, கையில் கறை ஒட்டாது, தேய்மானமும் கண்கூடாகக் குறையும். ஆனால் ஏறத்தாழ 300 கி.மீ.க்கு ஒருமுறை மீண்டும் முக்க வேண்டும். மூன்று செயின் இருந்தால் மூன்றையும் ஒரே பாத்திரத்தில் ஒரே நாளில் முடித்துவிடலாம். மெழுகை நேரடித் தீயில் உருக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குவதே பாதுகாப்பு. அந்தப் பாத்திரம் சமையலறைக்குத் திரும்பப் போகாது என்பதை வீட்டாரிடம் முன்பே சொல்லிவிடுவதும் பாதுகாப்புதான். வடகிழக்குப் பருவமழையில் தினமும் நனையும் வண்டிக்கு மெழுகு சரிவராது. ஓரிரவு ஈரத்தோடு நின்றாலே மறுநாள் செயினில் செம்பழுப்பாகத் துரு பூத்திருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நான் எண்ணெய்க்கே திரும்பிவிடுகிறேன்.

எண்ணெய் என்றால் சொட்டுச் சொட்டாக, ஒவ்வொரு உருளையின் மேலும் ஒரு துளி. பெடலைப் பின்னோக்கிச் சுற்றி உள்ளே இறங்கவிட்டு, அரைமணி கழித்து வெளியில் மினுங்குவதையெல்லாம் துணியால் துடைத்துவிட வேண்டும். எண்ணெய்க்கு வேலை உள்ளே முளையிடம்தான். வெளியே நிற்கும் எண்ணெய் மணலை அழைத்து வந்து, உப்புத்தாள் போலத் தேய்க்கும் கருங்குழம்பாகிவிடும். மோட்டார் சைக்கிளிலிருந்து வடித்த பழைய எஞ்சின் ஆயிலை ஊற்றுவது பல இடங்களில் வழக்கம். அதில் ஏற்கெனவே உலோகத் துகள் கலந்திருக்கிறது என்பதால் நான் தொடுவதில்லை. தேங்காய் எண்ணெய் சில நாளில் பிசுபிசுத்து, மலையூர்க் குளிரில் உறைந்தும் போகும். மண்ணெண்ணெய் கழுவுவதற்கு நல்லது. ஆனால் அதைக் கேசட் மேல் ஊற்றிக் கழுவினால் ஃப்ரீவீலுக்குள் இருக்கும் கிரீஸையும் சேர்த்துக் கழுவிவிடும். செயினைக் கழற்றித் தனியாகக் கழுவுவதே நல்லது.

மூன்று வழிகளில் எதைத் தேர்ந்தாலும், செயினை அளக்கும்போதே மற்றவற்றையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். முன் பல்சக்கரத்தின் முன்பக்கத்தில் செயினை விரல்களால் பிடித்து வெளியே இழுத்தால், பாதிப் பல் தெரியும் அளவுக்கு அது விலகினால் ஏதோ ஒன்று நன்றாகத் தேய்ந்துவிட்டது என்று பொருள். பல்லின் இரு பக்கமும் ஒரே சரிவாக இருந்தால் நல்லது. ஒரு பக்கம் குடைந்து, நுனி ஒருபுறம் சாய்ந்து, சுறாவின் துடுப்பு போல நின்றால் அது போய்விட்டது. பெடலைப் பின்னோக்கி மெல்லச் சுற்றி டீரெய்லரின் (செயினைக் கியருக்குக் கியர் நகர்த்தும் பின்பக்கக் கை) சிறு சக்கரங்களைக் கவனித்தால், இறுகிப்போன கண்ணி அங்கே வரும்போது டீரெய்லர் ஒரு துள்ளு துள்ளும். கிராங்கைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் ‘கடக்’ என்றால் நடு அச்சின் பேரிங்கைப் பார்க்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம் ஆகும்.

கியரே இல்லாத, செயின் கவர் போட்ட கறுப்பு ரோட்ஸ்டர் வண்டி வைத்திருப்பவருக்கு இத்தனை யோசனை தேவையில்லை. மூன்றாவது வழியே போதும். அதன் செயின் அகலமானது, பற்கள் தடித்தவை, டீரெய்லர் இல்லை, கவருக்குள் மணலும் மழையும் அதிகம் புகுவதில்லை. செயின் நீளும்போது அது தொய்வாக மட்டுமே தெரியும். சக்கரத்தைப் பின்னே இழுத்து டைட் வைத்துவிடுவார்கள். இனி இழுக்க இடமில்லை என்ற நிலையில், தெருமுனைச் சைக்கிள் கடைக்காரர் கண்ணியைக் கழற்றிக் குறைத்துத் தருவதும் உண்டு. தேய்மானம் அதனால் மறைகிறதே தவிரக் குறைவதில்லை. ஆனாலும் ஒரே ஒரு ஃப்ரீவீல், ஒரே ஒரு செயின் என்பதால், தாவத் தொடங்கும் நாளில் இரண்டையும் சேர்த்து மாற்றினால் முடிந்தது. கவருக்குள் எண்ணெய் விடுவதை மட்டும் மறக்காமலிருந்தால் அந்த நாள் வர நெடுங்காலம் ஆகும்.

எட்டு கியர் வண்டியில் தினமும் வேலைக்குப் போய்வரும் ஒருவர் என்னைக் கேட்டால், முதல் வழியைச் சொல்வேன். பணத்தில் பெரிய ஆதாயமில்லை என்று மேலே நானே காட்டியிருக்கிறேன். இருந்தும், செயின் மாற்றுவது வீட்டில் பத்து நிமிட வேலை, கேசட் மாற்ற இறுக்கு வளையத்துக்கான கருவியும், கேசட் சுழலாமல் பிடித்துக்கொள்ளும் செயின் சாட்டையும் வேண்டும் என்பதே காரணம். வண்டி ஏற்கெனவே பல ஆண்டு அளக்கப்படாமல் ஓடியிருந்து, ஸ்கேல் 513-க்கு மேல் காட்டினால், கையைக் கட்டிக்கொண்டு மூன்றாவது வழியில் போவதே புத்திசாலித்தனம். நான் செய்தது போல நடுவில் புதுச் செயின் மாட்டக் கூடாது. பத்து கியருக்கு மேல் வைத்திருப்பவர் 510.5-ஐத் தாண்டவிடக் கூடாது. மாதம் ஆயிரம் கி.மீ. ஓட்டுபவருக்கும், கருவிகளோடு பொழுது கழிப்பதில் இன்பம் காண்பவருக்கும் இரண்டாவது வழி. இன்பம் காணாதவர் அதில் இறங்கினால் இரண்டாம் மாதமே மூன்று செயினில் ஒன்றுதான் ஓடிக்கொண்டிருக்கும்.

புதுச் செயினை அளவுக்கு வெட்டும்போது ஒரு கவனம் வேண்டும். பழையதைப் பக்கத்தில் நீட்டிவைத்து நீளம் பார்த்து வெட்டுவது எளிது போலத் தோன்றும். 110 கண்ணிச் செயின் ஒரு சதவீதம் தேய்ந்திருந்தால் அதன் நீளம் 14 மி.மீ. கூடியிருக்கும், அது ஒரு முழுக் கண்ணியைவிட அதிகம். எனவே நீளத்தைப் பார்க்காமல் கண்ணிகளை எண்ண வேண்டும், ஒன்றுக்கு இருமுறை. நான் பத்துக் கண்ணிக்கு ஒன்றாக நூல் கட்டிக்கொண்டு எண்ணுவேன்.

மேம்பாலத்து நிகழ்ச்சிக்குப் பிறகு மாட்டிய கேசட்டில் இப்போது இரண்டாவது செயின் ஓடுகிறது. சென்ற ஞாயிறு அளந்தபோது 40 கண்ணி 511 மி.மீ.க்குச் சற்றுக் கீழே நின்றது. மூன்றாவது செயின் மேசை இழுப்பறையில், உறை பிரிக்காமல் இருக்கிறது. மழைக்காலம் முடிந்து மாட்டலாம் என்று நினைக்கிறேன்.